பினாங்குக் கடலோரப் பங்களாவில் இருபத்து நான்கு பேர்

அண்ணன் தம்பி குடும்பம், அத்தை வீட்டார், சிங்கப்பூரிலிருந்து வரும் சித்தப்பா, தமிழ்நாட்டிலிருந்து வரும் பெரியம்மா என்று எல்லாரும் மூன்று நாள் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால், ஹோட்டலில் பன்னிரண்டு அறை போடுவதைவிடக் கடலோரத்தில் ஒரு பழைய பங்களாவை முழுசாக எடுப்பதே சிறப்பு. ஹோட்டலில் ஆளுக்கொரு மாடியில் அடைந்து கிடப்பார்கள். பங்களாவில் விடியற்காலை ஐந்து மணிக்கே வராந்தாவில் காபியோடு பேச்சு தொடங்கிவிடும்.

விளம்பரத்தில் ‘24 பேர் தங்கலாம்’ என்று போட்டிருப்பது மெத்தைக் கணக்கு. ஹாலில் விரிக்கும் பாயையும் சேர்த்துத்தான் பல இடங்களில் எண்ணுகிறார்கள். வீட்டுக்கு வேறு கணக்கு இருக்கிறது: மின்சாரம், தண்ணீர், மலத்தொட்டி, மாடியின் மரத்தளம். இந்த நான்கில் எது முதலில் கைவிரிக்கிறதோ, அதுவரைதான் அந்த வீடு தாங்கும். வாடகை பேசுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உதாரணத்துக்கு, இரண்டு இரவுக்கு 6,000 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 24 பேருக்குத் தலைக்கு ஓர் இரவு 125 வெள்ளி. வீடு உண்மையில் 18 பேரைத்தான் தாங்குமென்றால் அது 167 வெள்ளியாகிவிடும். பேரம் பேச வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான்.

முதலில் இடம். ‘கடலோரம்’ என்ற சொல்லுக்குப் பினாங்கில் இரண்டு பொருள் உண்டு. டவுனில் ஜாலான் சுல்தான் அகமட் ஷா, பழைய பெயரில் நார்தம் ரோடு, ஒரு காலத்தில் கோடீஸ்வரர்களின் தெரு. சார்கிஸ் சகோதரர்கள் 1885இல் தொடங்கிய ஈ அண்ட் ஓ ஹோட்டல் பக்கத்திலிருந்து கர்னி டிரைவ் பக்கம் வரைக்கும் கடலைப் பார்த்த மாளிகைகள் நின்றன. மிச்சமிருப்பவற்றில் பல இன்று அலுவலகமாகவும் கல்விக்கூடமாகவும் இருக்கின்றன. அந்தப் பக்கம் வீடு கிடைத்தால் கட்டடம் அழகாக இருக்கும், சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியா பக்கம். ஆனால் இறங்கிக் குளிக்கக் கடல் கிடையாது. கல்சுவர்தான் கரை, நீர் வற்றும்போது சேறு தெரியும். பிள்ளைகள் மணலில் விளையாட வேண்டுமென்றால் தஞ்சோங் பூங்காவைத் தாண்டி பத்து பெரிங்கிக்கோ தெலுக் பஹாங்குக்கோதான் போக வேண்டும்.

ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது பழைய நகரப் பகுதிக்கு மட்டும். பத்து பெரிங்கிக் கடற்கரை அந்த எல்லைக்கு வெளியே. ஆகவே அங்கே ‘பாரம்பரிய வீடு’ என்று எழுதியிருந்தால் அந்தப் பட்டியலின் காவல் அதற்கு இருப்பதாக எண்ண வேண்டாம். படங்களில் நீங்களே பாருங்கள்: தடித்த செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, சட்டம் சட்டமாக வைத்த மரச் சன்னல்கள், கூரைக்கடியில் காற்றுத் துளைகள், பூப்போட்ட சிமெண்ட் ஓடு அல்லது செம்மண் ஓடு பதித்த தரை. இவற்றில் குறைந்தது மூன்று இருந்தால் பழசு என்று நம்பலாம். இவை இருக்கும் வீட்டுக்குத்தான் கீழே சொல்லும் கவனமெல்லாம் தேவைப்படும்.

மின்சாரம். ஒற்றை ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் முதன்மை ஃபியூஸ் பெரும்பாலும் 60 அல்லது 63 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 14.5 கிலோவாட். குளியலறையில் மாட்டியிருக்கும் உடனடிச் சுடுநீர்க் கருவி ஒன்று 3.6 கிலோவாட் இழுக்கும். எல்லாரும் கடலிலிருந்து திரும்பும் மாலை ஏழு மணிக்கு நான்கு குளியலறையிலும் சுடுநீர் ஓடினால் அதுவே 14.4 கிலோவாட். அதன்மேல் ஒன்றரைக் குதிரைத்திறன் ஏர்கான் ஆறு, பெரிய ரைஸ் குக்கர், கெட்டில். வீடு இருட்டாகிவிடும். மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் இந்தக் கவலை பாதிக்குமேல் குறையும். வீட்டுக்காரரிடம் “டிபி பெட்டியைத் திறந்து ஒரு படம் அனுப்புங்கள்” என்று கேளுங்கள்; வீட்டின் சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் மின்பெட்டி அது. முதன்மைச் சுவிட்ச் அகலமாக, நான்கு முனையோடு இருந்தால் மூன்று ஃபேஸ். இரண்டு முனை என்றால் ஒற்றை ஃபேஸ், பாதிப் பேர் பச்சைத் தண்ணீரில் குளிக்கத் தயாராக வர வேண்டும்.

கடற்காற்றால் வரும் தொல்லை தனி. வெளியில் மாட்டிய பிளக்கிலும் தோட்ட விளக்கிலும் உப்பும் ஈரமும் ஏறிக் கசிவு ஏற்படும், ஈஎல்சிபி, அதாவது கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்துவிடும். மழை பெய்த இரவில் இது அடிக்கடி நடக்கும். அப்போது செய்ய வேண்டியது: சின்னச் சுவிட்சுகள் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள், ஈஎல்சிபியை மேலே தள்ளுங்கள், பிறகு சின்னச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது மறுபடி விழுகிறதோ அந்த வரிசையில்தான் கசிவு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றதை ஓட்டலாம், காலையில் வீட்டுக்காரருக்குச் சொல்லலாம். ஈஎல்சிபி விழாமல் இருக்க டேப் ஒட்டுவதோ குச்சி செருகுவதோ கூடவே கூடாது. சுடுநீர்க் கருவியின் கீழ் நிற்கும் பிள்ளையின் உயிரைக் காப்பது அந்தச் சுவிட்ச்தான்.

ஏர்கான் பற்றியும் ஒன்று. பழைய அறைக்குக் கூரை நான்கு மீட்டர் உயரம் இருக்கும். ஐந்துக்கு ஐந்து மீட்டர் அறையில் 100 கன மீட்டர் காற்று. அதே அளவுப் புது வீட்டு அறையில் 70க்கும் குறைவு. பகலில் வெயிலை வாங்கிய செங்கல் சுவர் இரவு பத்து மணி வரை சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். படுக்கப் போகும்போது ஏர்கானைப் போட்டால் நள்ளிரவுக்குத்தான் குளிரும். ஒரு மணி நேரம் முன்பே, சட்டச் சன்னல்களை இறுக்கி மூடிவிட்டுப் போடுங்கள். கொசுவலை உள்ள அறையில் மின்விசிறி மட்டுமே போதும், அந்த வீடு கட்டப்பட்டதே காற்றோட்டத்துக்காகத்தான்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் எளிது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர் என்று வைத்தால் 24 பேருக்கு 3,600 லிட்டர். குழாயில் நீர் வந்துகொண்டே இருக்குமாதலால் நாள் கணக்கில் சமாளிக்கலாம், மணிக்கணக்கில்தான் மாட்டிக்கொள்வோம். நிமிடத்துக்கு எட்டு லிட்டர் விடும் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 80 லிட்டர், 24 பேர் ஒரே மணியில் குளித்தால் 1,920 லிட்டர். தொட்டி 2,000 லிட்டர் என்றால், கழிப்பறைக்கும் அடுக்களைக்கும் போகும் நீரையும் சேர்த்தால், கடைசி ஆளுக்கு உப்பைக் கழுவ நீர் இல்லாமல் போகலாம். அதைவிட மோசம், வறண்ட தொட்டியிலிருந்து இழுக்கும் பம்ப் சூடேறிக் கருகிவிடும். அந்தச் செலவு உங்கள் முன்பணத்திலிருந்துதான் போகும். தோட்டக் குழாயில் மணலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், பிள்ளைகள் ஐந்து மணிக்குக் குளித்துவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். 2024 ஜனவரியில் வால்வு மாற்றும் வேலைக்காகப் பினாங்கில் சில நாள் பெரிய நீர்த்தடை வந்தது. ஆகவே பயணத்துக்கு முந்தின வாரம் நீர் வாரிய அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மலத்தொட்டியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பொதுக் கழிவுநீர்க் குழாயில் சேராத வீடாக இருந்தால், கடைசியாக எப்போது உறிஞ்சி எடுத்தார்கள் என்று கேளுங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்காக வெட்டிய தொட்டியில் திடீரென்று இருபத்து நான்கு பேர் நீர் விட்டால் தரைத்தளக் கழிப்பறையில்தான் முதலில் ஏறும். ஈரத்துடைப்பான், நாப்கின், சாம்பார் எண்ணெய் மூன்றும் குழிக்குள் போகவே கூடாது. குளியலறை ஐந்து பேருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். வேலையாட்களுக்குப் பின்கட்டில் கட்டியதையும் எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தரைதான் நம்மவர்கள் முன்பணத்தை இழக்கும் இடம். பளிங்கும் சிமெண்ட் ஓடும் சுண்ணாம்பு கலந்தவை. புளி, எலுமிச்சை, வினிகர் எது சிந்தினாலும் மெருகை அரித்துவிடும், தேய்த்தாலும் திரும்பாது. மஞ்சள் செம்மண் ஓட்டில் ஊறினால் போகாது. வாழையிலைச் சாப்பாடு போடுவதென்றால் வராந்தாவில் பாயும் அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டுப் பரிமாறுங்கள். குத்துவிளக்குக்குக் கீழே மணல் நிரப்பிய தாம்பாளம் வேண்டும். தேங்காயைத் தோட்டத்துக் கல்லில் உடைக்கலாம், வாசற்படியில் வேண்டாம். ஹோமம் வளர்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி வெளிமுற்றத்தில் செய்யுங்கள். மரக் கூரைக்கடியில் நெய்ப்புகை படிந்தால் அது பல வருடம் நிற்கும். தோரணம் கட்ட ஆணி அடிக்காதீர்கள், இருபக்க டேப்பும் ஒட்டாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு டேப்போடு தட்டுத் தட்டாக உரிந்து வரும். மாலைகளுக்குத் துணி உலர்த்தும் இரும்புக் கம்பிச் சட்டமே போதும்.

மாடியில் ஆட்டம் கூடாது. இன்றைய வழக்கப்படி வீட்டுத்தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ தாங்கும்படி கணக்கிடப்படுகிறது, கூட்டம் குதிக்கும் இடத்துக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். செங்கால் (chengal) என்ற உள்ளூர் மரம் உறுதியானதுதான். ஆனால் உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையில் ஈரமும் கரையானும் என்ன செய்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பாட்டும் ஆட்டமும் கீழ்த்தளத்தில் நடக்கட்டும். மாடி வராந்தாவின் கைப்பிடியையும் போன உடனே அளந்து பாருங்கள், இடுப்புக்குக் கீழே இருந்தால் பிள்ளைகளை அங்கே தனியே விடக்கூடாது.

சமையலுக்கு முன்பக்கத்துப் பளபளப்பான அடுப்பைத் தொட வேண்டாம். பின்கட்டில் வெளிச்சமையலறை இருக்கிறதா, 14 கிலோ எரிவாயுத் தோம்பு மாட்டலாமா என்று கேளுங்கள். 24 பேருக்கு ஒரு வேளைக்கு அரிசி மூன்று கிலோ போதும், பெரிய பானை குறைந்தது இரண்டு வேண்டும், அவை பங்களாக்களில் இருப்பது அபூர்வம். கையோடு கொண்டு போங்கள். காய்கறிக்கு சௌராஸ்தா மார்க்கெட், வாழையிலைக்கும் பூவுக்கும் லிட்டில் இந்தியா, மீனுக்குக் காலையில் தெலுக் பஹாங் மீனவர் துறை. அடுக்களைச் சன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் குரங்கு வந்து ரொட்டியை எடுத்துப் போகும். அந்தப் பக்கத்துக் காட்டோரத்தில் அவை கூட்டமாகத் திரிகின்றன.

போக்குவரத்து. டவுனிலிருந்து பத்து பெரிங்கி சுமார் 15 கிலோமீட்டர். தஞ்சோங் பூங்காவுக்குப் பிறகு சாலை வளைந்து வளைந்து போகும், வார இறுதி மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். 44 இருக்கைப் பேருந்து பழைய பங்களாக்களின் வாசல் தூண்களுக்கிடையே நுழையாது. இரண்டு சிறு வேன் எடுப்பதே மேல். மாமா ஒருவருக்கு வண்டி ஓட்டத் தயக்கம் இருந்தால் 101 எண் பேருந்து டவுனிலிருந்து தெலுக் பஹாங் வரை கரையோரமாகவே போகிறது.

மாதம் பார்ப்பதில் ஒரு தவறு நடக்கிறது. டிசம்பரில் கிளந்தான், திரெங்கானுவில் கடல் கொந்தளிப்பதை வைத்துப் பினாங்கையும் தள்ளிப் போடுவார்கள். இங்கே மழை கூடுதல் செப்டம்பர், அக்டோபரில். தைப்பூச வாரத்தில் வாடகை ஏறும், தண்ணீர்மலைப் பக்கம் சாலை மூடப்படும். மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயிலிலிருந்து அம்மன் மிதக்கும் தேரில் கடலில் வலம் வருவாள். அந்த நாளுக்குக் கரையோர வீடு கிடைத்தால் விடாதீர்கள்.

கடல்நீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும், நேரம் தினமும் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரிது, கரை மணல் காணாமலே போகும். பெருமழைக்கு மறுநாள் ஓடை வாய்ப் பக்கம் குளிக்க வேண்டாம். சொறிமீன் கொட்டும் கடல் இது, பெட்டி வடிவச் சொறிமீனும் உண்டு. இரண்டு பாட்டில் வினிகர் கரைக்கே கொண்டு போங்கள். கொட்டிய இடத்தில் குறைந்தது அரை நிமிடம் வினிகர் ஊற்ற வேண்டும், நல்ல தண்ணீர் ஊற்றக்கூடாது, தேய்க்கக்கூடாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 999.

பணத்தில் மூன்று விஷயம். வெளிநாட்டு உறவினர்களுக்குச் சுற்றுலா வரி அறைக்கு ஓர் இரவு 10 வெள்ளி, அது வாடகைக்குள் இருக்கிறதா, மேலா என்று கேளுங்கள். மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது கிடையாது. பகலில் மட்டும் வந்து போகும் விருந்தினர் எத்தனை பேர் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள், இரவுத் தலைக்கணக்கோடு அதைக் குழப்பித்தான் அதிகச் சண்டை வருகிறது. கைக்குழந்தையும் தலைக்கணக்கில் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாவி வாங்கிய அரை மணிக்குள், பெட்டிகளை இறக்குமுன், ஒருவர் போனோடு எல்லா அறையையும் சுற்றிப் படம் பிடிக்க வேண்டும்: தரையில் முன்பே உள்ள விரிசல், சுவரில் உப்புப் பூத்த இடம், உடைந்த சன்னல் சட்டம், மின்மீட்டர் எண். அந்தப் படங்களை அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். கிளம்பும் நாளில் அதே வரிசையில் இன்னொரு சுற்று. கடல் பக்கத்துச் சன்னல்களின் கொக்கிகளைக் கடைசியாக, நீங்களே கையால் இழுத்துப் பாருங்கள். ஒன்று திறந்து கிடந்து இரவில் காற்று அடித்தால், அந்தப் பழைய சட்டத்தை அதே மாதிரி செய்து தர ஒரு தச்சரைத் தேட வேண்டியிருக்கும்.