ஆட்டம் தெரிந்தால் போதாது, ஆளையும் தெரிய வேணும்

நம் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டாயம் எழுத வேணும் என்று செயலாளர் விடாப்பிடியாக நிற்கிறார். பிக் மட்ச், விடுதிச் சாப்பாடு, அதிபரின் பிரம்பு எல்லாவற்றையும் முந்திய மலர்களில் மற்றவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆகவே நம் விளையாட்டு மாஸ்ரரிடமிருந்து எனக்குத் தொற்றிய ஒரு பழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். உதைபந்தாட்டப் பயிற்சி முடிந்ததும் மைதான ஓரத்தில் எங்களை இருத்தி, பழைய ஆட்டக்காரர்களின் கதை சொல்வார். எத்தனை கோல் அடித்தார் என்பது அவருக்குப் பெரிதில்லை. எந்த வீட்டுப் பிள்ளை, காலில் சப்பாத்து இருந்ததா, பிறகு என்ன வேலைக்குப் போனார், அதுதான் கதை.

கனடாவுக்கு வந்து ஒஷாவாவில் வேலை செய்த காலத்தில், கூட வேலை செய்த வயதான கனடியர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் ஓயாமல் லக்ரோஸ் பேசுவார். தடியின் நுனியில் கட்டிய வலையில் பந்தை ஏந்தி ஓடி எறிகிற ஆட்டம். இந்த நாட்டுக்கு ஹொக்கி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஹொக்கியைக் குளிர்காலத் தேசிய விளையாட்டாகவும் லக்ரோஸைக் கோடைகாலத் தேசிய விளையாட்டாகவும் சேர்த்தே அறிவித்திருக்கிறது. சரி, மாஸ்ரர் பழக்கிய புத்தி சும்மா இருக்குமா, ஆட்களைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் அகப்பட்டவர் வில்லியம் ஜோர்ஜ் பியர்ஸ், மொன்றியலில் பல் வைத்தியர். தோலால் செய்த பந்துக்குப் பதில் ரப்பர் பந்து, பக்கத்துக்கு 12 பேர் என்று விதிகளை எழுதி, 1867இல் கிங்ஸ்ரனில் கழகங்களைக் கூட்டித் தேசியச் சங்கம் அமைத்தவர். கெட்டிக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டம் பூர்வகுடிகளுடையது, காலங்காலமாக அவர்கள் ஆடிவந்தது. 1876இல் பியர்ஸ் மொன்றியலுக்குப் பக்கத்துக் கானவாகேயின் மொஹாக் பூர்வகுடி ஆட்டக்காரர்களையும் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார், வின்ட்ஸரில் விக்ரோறியா மகாராணி பார்க்க ஆடினார்கள். நாலு வருசம் போகவில்லை, 1880இல் அதே சங்கம் பூர்வகுடி அணிகளைச் சாம்பியன் போட்டியிலிருந்து விலக்கிவிட்டது. காசு வாங்கி ஆடுகிறவர்கள் என்பது சாட்டு. பயணச் செலவுக்குப் பணமில்லாதவன் வேறு எப்படித்தான் ஆட வருவான்?

லயனல் கொனகர் கதையை மாஸ்ரர் கேட்டிருந்தால் ஒரு வாரம் சொல்லியிருப்பார். ரொறன்ரோவில் 1900இல் பிறந்தவர், பத்துப் பிள்ளைகள் உள்ள ஏழை வீடு, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு வேலைக்குப் போனவர். அவர் படித்த ஜெசி கெச்சம் பள்ளியின் அதிபருக்கு, பிள்ளைகள் விளையாட்டில் களைத்துப்போனால் குழப்படிக்கு நேரம் இராது என்ற நம்பிக்கை (நம் அதிபருக்கு இது தெரிந்திருந்தால் பிரம்புச் செலவு மிச்சம்). 1922இல் ஒரே நாளில் அவருக்கு இரண்டு இறுதிப் போட்டிகள். பேஸ்போலில் கடைசி நேரத்தில் பெரிய அடி அடித்து அணியை வெல்லவைத்துவிட்டு, ரக்சி பிடித்து ஸ்காபரோ பீச் மைதானத்துக்குப் போகிறார். அது நம் ஸ்காபரோ இல்லை, குயின் வீதி கிழக்கில் ஏரிக்கரையோரம் அப்போது இருந்த பூங்கா. அங்கே அவருடைய லக்ரோஸ் அணி 0–3 என்று பின்தங்கிக் கிடக்கிறது. இறங்கி நாலு கோல் தானே போட்டு, ஐந்தாவதற்கும் வழிசெய்து 5–3 என்று வென்றுகொடுத்தார். பிறகு தொழில்முறை ஹொக்கி ஆடினார், பாராளுமன்ற உறுப்பினரும் ஆனார். 1954இல் ஒட்டாவாவில் எம்.பி.மாருக்கும் பத்திரிகையாளருக்கும் நடந்த சொஃப்ற்போல் ஆட்டத்தில் பந்தை நெடுந்தூரம் அடித்துவிட்டு, மூன்றாவது பேஸ் வரை ஓடி அங்கேயே விழுந்து இறந்துபோனார்.

கொனகரைப் பற்றி இவ்வளவும் கிடைக்கிறது. 1904 சென் லூயிஸ் ஒலிம்பிக்கில் மூன்றாம் இடம் பெற்ற மொஹாக் அணியைப் பற்றித் தேடினால், கையில் வருவது 'கருங்கழுகு', 'சவுக்காரத்துக்குப் பயந்தவன்' என்ற மாதிரிப் பட்டப்பெயர்ப் பட்டியல்தான். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அதில் இல்லை. எனக்கு இன்னும் கோபம் வருகிற இடம் இது.

1930களில் நிலைமை கொஞ்சம் மாறியது. கோடையில் சும்மா கிடந்த ஹொக்கி அரங்குகளை நிரப்ப மொன்றியல் முதலாளிகள் 1931இல் உள்ளரங்கு லக்ரோஸைத் தொழிலாக்க, பூர்வகுடி இளைஞர்களுக்கு அதில் சம்பளம் கிடைத்தது. ஒன்ராறியோவில் பிரான்ற்ஃபோர்ட் அருகே சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் 1912இல் பிறந்த ஹரல்ட் ஜே ஸ்மித் அப்படி ஆடித்திரிந்தவர், ஆடப் போன லொஸ் ஏஞ்சலஸில் சினிமாவுக்குள் நுழைந்து ஜே சில்வர்ஹீல்ஸ் ஆனார். 'லோன் றேஞ்சர்' தொலைக்காட்சித் தொடரில் நாயகனின் பூர்வகுடித் தோழன் ரொன்ரோவாக வந்தவர் அவர்தான்.

ஒஷாவாவில் கூட வேலை செய்த அந்த வயோதிபர் கண் கலங்கப் பேசியது கேலோர்ட் பவ்லெஸ் என்ற ஆட்டக்காரர் பற்றி. தகப்பன் றொஸ் பவ்லெஸும் பெரிய ஆட்டக்காரர், 1950களில் பீற்றர்பரோவுக்காக மான் கிண்ணம் (பெரியவர்களுக்கான கனடியச் சாம்பியன் கிண்ணம்) வென்றவர். மகன் சிக்ஸ் நேஷன்ஸிலிருந்து ஒஷாவா கிரீன் கேல்ஸ் இளையோர் அணிக்கு வந்து 1964 முதல் 1967 வரை நாலு தடவை மின்ரோ கிண்ணம், அதாவது இளையோர் சாம்பியன் கிண்ணம், தூக்கினார். பயிற்றுநர் ஜிம் பிஷப். அந்த அணி 1963 முதல் 1969 வரை தொடர்ந்து ஏழு தடவை வென்றது. இளையோர் அணியில் வயதெல்லை வந்ததும் பழகிய பையன்கள் போய்விடுவார்கள், புதிதாக வருகிறவர்களை வைத்துத் திரும்பவும் கட்ட வேணும். என் பார்வையில் இது எந்த ஆட்டக்காரரின் சாதனையையும் விடப் பெரிது. கேலோர்ட் 2001இல் இறந்தார், தகப்பன் அதற்குப் பிறகு இரண்டு வருசம் இருந்தார்.

1957இல் அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழக அணியில், பிறகு அமெரிக்கன் ஃபுட்போலில் பேர்போன ஜிம் பிரவுனோடு ஆடிய கோல் காப்பாளர் ஓரன் லயன்ஸை விட்டால் மாஸ்ரர் ஏசுவார். ஒனொன்டாகா பூர்வகுடியினரிடையே வளர்ந்தவர், 1983இல் இறக்குவா (மொஹாக், ஒனொன்டாகா முதலான ஆறு பூர்வகுடிகளின் கூட்டமைப்பு) தேசிய அணியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1990இல் அந்த அணி அவுஸ்திரேலியாவின் பேர்த்தில் நடந்த உலகப் போட்டியில் தனிக்கொடியோடு ஆடியது.

சங்கத்துக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு கோடையும் அதே பூங்காவில் அதே கொத்துரொட்டிதானே. ஒரு தடவை பஸ் பிடித்து சிக்ஸ் நேஷன்ஸில் உள்ள ஓஸ்வீகன் ஊர்ப் பக்கம் போகலாம், கேலோர்ட் பவ்லெஸ் பெயரிலேயே அங்கே ஓர் அரங்கு இருக்கிறது. சிக்ஸ் நேஷன்ஸ் அணிகள் ஆடும் நாளாகப் பார்த்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம். வர விருப்பமானவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கோ, என்னை எழுதவைத்த பாவத்துக்கு பஸ் ஒழுங்கு அவருடையது.