டாரட் சீட்டில் இருக்கும் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால்

டாரட் சீட்டை வைத்துக் குறி சொல்வதில் எனக்கு ஆர்வம் கிடையாது. “கிளி எங்கே?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. நான் செய்வது வேறு. சீட்டில் வரைந்திருக்கும் பொருளைப் பொருளாகவே எடுத்துக்கொள்வேன். அது எதனால் ஆனது, எவ்வளவு கனம், பிடித்திருக்கிற கை என்ன செய்கிறது என்று பார்ப்பேன். கூட வந்த அர்த்தப் புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் கிட்டத்தட்ட அதே மாதிரி சாமானை எடுத்து அப்படியே செய்து பார்ப்பேன்.

என்னிடம் இருப்பது 1909இல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட ரைடர் - வெயிட் கட்டின் மறுபதிப்பு. ஏ. இ. வெயிட் என்ற எழுத்தாளர் யோசனை சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்கள். மொத்தம் 78 சீட்டு. அதில் 56, கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு இனம். என் வேலைக்கு இந்த 56தான் தோது. மீதி 22இல் தேவதை, பிசாசு, சூரியன் எல்லாம் வருகின்றன. அவற்றுக்கு நான் எங்கே போவேன்?

பத்துக் கோல் சீட்டில் ஒருவன் பத்துக் கம்புகளை முன்பக்கமாக அணைத்துக்கொண்டு குனிந்து நடக்கிறான். முகம் கம்புகளுக்குள் புதைந்திருக்கிறது. புத்தகம் ‘பாரம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். பென்னாகரம் பக்கம் அத்தை வீட்டில் பந்தல் பிரித்த சவுக்குக் கம்புகள் கிடந்தன. ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமாக இருந்தவற்றில் பத்தைப் பொறுக்கி, படத்தில் உள்ளபடியே தூக்கினேன். கனம் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் மேல்நுனிகள் விரிந்துகொண்டே போகின்றன, அடிநுனிகள் முழங்காலில் இடிக்கின்றன, வழி தெரியவே இல்லை. களத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு நழுவின. அவற்றை எடுக்கக் குனிந்தால் இன்னும் நாலு.

“ஏன்டா, கயித்துல கட்டித் தலையில வெக்காம, கொழந்தையத் தூக்குற மாதிரி கட்டிப் புடிச்சிட்டு நிக்கிற?” என்றார் அத்தை. பழைய புடவையைச் சும்மாடாகச் சுற்றியும் கொடுத்தார். அதே பத்துக் கம்புதான். தலைக்கு ஏறியதும் முகம் விடுபட்டது, ஒரு கை சும்மா இருந்தது. அப்புறம் சீட்டைப் பார்த்தால், அங்கே கயிறு இல்லாததுதான் முதலில் கண்ணில் படுகிறது. இந்தச் சீட்டு யாருக்காவது வந்தால் ‘உங்களுக்கு வேலை அதிகம்’ என்று சொல்லமாட்டேன். ‘கட்டுப் போடாமல் தூக்குகிறீர்கள்’ என்பேன்.

எட்டுக் கோல் சீட்டில் ஆளே இல்லை. எட்டுக் கம்புகள் ஒரே சாய்வில் வானத்தில் போகின்றன. மாங்காய்க்குக் குச்சி எறிந்தவர்களுக்குத் தெரியும், கையால் எறிந்த குச்சி சுழன்றுகொண்டேதான் போகும். இவை சுழலவில்லை, அம்பின் போக்கில் போகின்றன. இந்தச் சீட்டு இனங்களுக்கு முன்னோடியான, எகிப்தை மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்துச் சீட்டுகளில் கோலின் இடத்தில் போலோ மட்டை இருந்தது. இஸ்தான்புல் தோப்காபி அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு கட்டு இருக்கிறது. ஆனால் மட்டையை யாரும் எறியமாட்டார்கள், எனவே அது இங்கே உதவவில்லை. சரி, எறிந்தவனைத் தேடுவதை விட்டுவிட்டு விழப்போகிற இடத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அவை ஓட்டத்தின் முடிவை நெருங்குவதாகத்தான் வெயிட்டும் எழுதியிருக்கிறார்.

இரண்டு வாள் சீட்டில், கண்ணைக் கட்டிய பெண் கைகளை மார்பில் குறுக்காக வைத்து இரண்டு நீள வாள்களைப் பிடித்திருக்கிறாள். அந்தக் காலத்து ஒற்றைக்கை வாள் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். அதே கனத்தில் இரண்டு ரீப்பர் கட்டைகளுடன் திண்ணையில் உட்கார்ந்தேன். நுனி வெளிப்பக்கம் சாய்ந்து இழுப்பதால் கனம் முழுக்க மணிக்கட்டுக்கு வந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் முழங்கை நடுங்கியது. இதை முடிவெடுக்க முடியாத நிலை என்பார்கள். முடிவு எடுக்காவிட்டாலும் எப்படியும் ஒரு வாள் கீழே வந்தே தீரும். எந்தக் கை முதலில் சோர்கிறதோ, அந்த வாள்.

வாள் இனத்தில் இன்னொன்று. பதினான்கு சீட்டிலும் ஒரு வாளுக்குக்கூட நெளிவோ முனை மழுங்கலோ என் கண்ணில் படவில்லை. எங்கள் தர்மபுரி தகடூராக இருந்த காலத்தில் தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்த ஔவையார், இவையெல்லாம் பீலி சூட்டி, நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடினார். பொருளைப் பார்த்து ஆளைச் சொல்வதில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? அந்தக் கண்ணால் பார்த்தால் டாரட் வாள்கள் அத்தனையும் தொண்டைமான் வீட்டு வாள்கள். பத்து வாள் சீட்டில் ஒருவன் முதுகில் பத்தும் குத்தி நிற்கின்றன, அப்போதும் மினுக்குக் குறையவில்லை. அந்தச் சீட்டுக்குப் பயப்படுவதை விட்டுவிட்டேன்.

கோப்பையில்தான் வண்டி நகரவில்லை. படத்தில் இருப்பவை தண்டும் பாதமும் வைத்த கோப்பைகள். டம்ளரையும் சொம்பையும் பிடிக்கிற விதமே வேறு. இந்தப் பக்கத்து நடுகற்கள் பலவற்றில் வீரனின் காலருகே கெண்டியும் (மூக்கு வைத்த செம்பு) சிமிழும் செதுக்கியிருப்பார்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, கோப்பைக்கு ஈடாக அவற்றில் ஏதாவது தேறுமா என்று ஒருநாள் நிதானமாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

காசு இனம் அதற்கு அப்புறம். அந்தக் காசு ஒவ்வொன்றும் தட்டு அகலம் இருக்கிறது. எட்டுக் காசு சீட்டில் ஒருவன் அதை உளியும் சுத்தியலும் வைத்துச் செதுக்குகிறான். பித்தளைத் தட்டும் உளியும் கிடைத்துவிட்டன. அத்தை மத்தியானத் தூக்கத்தைக் காரணம் காட்டி அனுமதி தராமல் இருக்கிறார்.