ஃபோர்ஸ்கோலினுக்கு அசையாத திசு

உஸ்ஸிங் சேம்பர் என்பது திசுத் துண்டை இரு பக்கத் திரவங்களுக்கு நடுவே பொருத்தி, அதன் வழியே ஓடும் கரண்டை அளக்கும் கருவி. அதில் கரண்டைக் கூட்டும் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைப் போட்ட பிறகும் கரண்டின் கோடு தட்டையாகவே ஓடினால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. திசு செத்திருக்கலாம். அல்லது நாம் சோதிக்கும் மருந்து முழுதாக வேலை செய்திருக்கலாம்.

"மேடம், மூணாவது சேம்பர் எழும்பவே இல்ல. புரோட்டோகால்படி நீக்கணும்ல?" என்று ஆய்வு மாணவர் கேட்டார்.

"வேணாம், இருக்கட்டும்" என்றேன். அந்த பதில் இன்னும் மனதில் ஓடுகிறது.

சுண்டெலியின் கடைப்பெருங்குடல், தசையடுக்கு உரித்த நான்கு துண்டுகள். இரண்டில் மருந்து (மூணாவது சேம்பர் அதில் ஒன்று), இரண்டில் மருந்தைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ மட்டும். சோதித்த மருந்து சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு சானலை அடைக்கிறதா என்பதுதான் கேள்வி. ஃபோர்ஸ்கோலின் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டி அதே சானலைத் திறக்கிறது. அப்படியிருக்க, 'ஃபோர்ஸ்கோலினுக்கு அசையாத துண்டை நீக்கு' என்ற விதியைப் பின்பற்றினால், மருந்து நன்றாகப் பலித்த துண்டுகளைத்தான் குப்பையில் போடுவோம். வேறு மருந்துகளுக்காக எழுதிய விதி அது, இங்கே செல்லாது. இதுவரை என் வாதத்தில் ஓட்டை இருப்பதாகத் தெரியவில்லை.

மாணவர் விடவில்லை. "அப்போ உயிரோட இருக்குன்னு எதை வெச்சு சொல்றது?"

சோடியம் சானலை அடைக்கும் அமிலோரைடை வைத்து என்றேன். ஆரம்பத்தில் லூமன் (குடலின் உட்குழி) பக்கம் 10 மைக்ரோமோலார் அமிலோரைடு போட்டதும் நான்கு துண்டுகளிலும் கரண்ட் இறங்கியது. சோடியம் சானல் திறந்திருந்தது, அடிப்பக்கத்து சோடியம் பம்ப் அந்தச் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது என்பதற்கு அது சாட்சி. சிஎஃப்டிஆருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"அது அப்போ. இப்போ?" என்றார் அவர்.

நியாயமான கேள்விதான். இடையில் அரை மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. திசுவின் மின் எதிர்ப்பு 50 ஓம்-சதுர செ.மீ. அருகிலேயே நின்றது, சரியவில்லை. ஆனால் எதிர்ப்பு சொல்வது பெரும்பாலும் செல்களுக்கு இடையிலான இறுக்கத்தைப் பற்றி. ஆக்சிஜன் போதாமல் பம்ப் சோர்ந்த பிறகும் அந்த இறுக்கம் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும்.

கருவியைச் சந்தேகிப்பது சுலபம், அதையும் பார்த்தோம். மின்முனையைத் திரவத்தோடு இணைக்கும் அகார் பிரிட்ஜில் குமிழி இல்லை. திசுவை எடுத்தபின் இரு பக்கமும் வெறும் பஃபர் வைத்துப் பார்த்தபோது ஆஃப்செட் (திசு இல்லாமலே காட்டும் மின்னழுத்தம்) நகரவில்லை. திரவ எதிர்ப்பு ஈடுசெய்யப்பட்டிருந்தது. கசியும் திசுவில் இதை விட்டால் பெரிய பிழை வரும். 50 ஓம் திசுவோடு 25 ஓம் பஃபர் தொடரில் நின்றால், 5 மில்லிவோல்ட் திசு 100 மைக்ரோஆம்பியருக்குப் பதில் 67தான் காட்டும்; மின்னழுத்தத்தைப் பூஜ்ஜியத்தில் கட்டியதாக நாம் நினைக்கும் திசுவில் 1.7 மில்லிவோல்ட் மிச்சம் இருக்கும். ஆனாலும் இந்தப் பிழை கோட்டைக் குள்ளமாக்குமே தவிர, படுக்கவைக்காது. ஆக, கருவி காரணமில்லை.

1951இல் கோபன்ஹேகனில், இந்தக் கருவியின் பெயருக்குரிய உஸ்ஸிங்கும் அவருடைய சக ஆய்வாளர் ஸெரானும் தவளைத் தோலில் இதைச் செய்தபோது அவர்களுக்கு ஓர் அனுகூலம் இருந்தது. இரு பக்கமும் ஒரே ரிங்கர் உப்புக்கரைசல், மின்னழுத்தம் பூஜ்ஜியம், அந்த நிலையில் ஓடும் கரண்டும் ஐசோடோப்பால் அளந்த நிகரச் சோடியமும் ஒன்றுக்கொன்று பொருந்தின. 26.8 மைக்ரோஆம்பியர் என்றால் மணிக்கு ஒரு மைக்ரோஈக்விவலன்ட். கரண்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி. எங்களிடம் கரண்ட் மட்டும்தான்.

அதனால் சுரப்பைத் தூண்டும் கார்பகாலிடம் போனோம், சீரோசா (லூமனுக்கு எதிர்) பக்கம் 100 மைக்ரோமோலார். கோடு லேசாக ஏறி உடனே அடங்கியது. உயிர் இருக்கிறது என்று சொல்ல எனக்கு அது போதும் என்று தோன்றியது. பிறகு யோசித்தால், கார்பகால் கால்சியத்தைக் கூட்டி அடிப்பக்கத்துப் பொட்டாசியம் சானல்களைத் திறக்கிறது; அதனால் கூடும் மின் விசை குளோரைடை வெளியே தள்ளுகிறது. அது போகும் வழியும் சிஎஃப்டிஆர்தான். சிஎஃப்டிஆர் பழுதான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் மலக்குடல் பயாப்சியில் கார்பகாலுக்குக் கோடு கீழே இறங்குவது உண்டு. குளோரைடு வழி அடைபட்டு, லூமன் பக்கம் பொட்டாசியம் மட்டும் வெளியேறுவதால். அப்படி இறங்கியிருந்தால் 'திசு உயிரோடுதான் இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது' என்று தெளிவாகச் சொல்லியிருக்கலாம். லேசான ஏற்றத்தை எதில் சேர்ப்பது? பாதி அடைத்த சானலும் அப்படித்தான் காட்டும், பாதி செத்த திசுவும் அப்படித்தான் காட்டும்.

கழுவி மீட்டுப் பார்க்கலாமே என்றால், அந்த மருந்து கழுவினால் போகாத வகை. சிறுகுடலாக இருந்தால் லூமனில் குளுக்கோஸ் போட்டு, சோடியத்தோடு அது உள்ளே போகும்போது கரண்ட் ஏறுகிறதா என்று பார்த்துவிடலாம். பெருங்குடலில் அந்த வழி இல்லை.

துண்டைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு சராசரிகளையும் அட்டவணையில் கொடுத்தோம். சேர்த்தால் மருந்து வலுவாகத் தெரிகிறது, நீக்கினால் சுமாராக. நேர்மையான வழி அதுதான் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் துண்டு எதிர்த் திசையில் போயிருந்தால், அதாவது டிஎம்எஸ்ஓ துண்டு ஒன்று படுத்திருந்தால், அதையும் இதே பிடிவாதத்தோடு வைத்திருப்பேனா? அமிலோரைடுக்கு இறங்கியிருந்தால் வைத்திருக்க வேண்டும். வைத்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது புரோட்டோகாலின் கடைசியில் நிஸ்டாட்டின் என்ற பூஞ்சைக்கொல்லியைச் சேர்த்திருக்கிறோம். லூமன் பக்கச் சவ்வில் அது துளை போடுகிறது. சோடியம் உள்ளே பாய, பம்ப் உயிரோடிருந்தால் கரண்ட் ஏறும். சானல் எதுவும் நடுவில் வராது. மாணவருக்கு இதில் திருப்தி. எனக்கு முக்கால்வாசிதான், ஏனென்றால் பெருங்குடலில் மியூக்கஸ் அடர்த்தி. கோடு ஏறினால் சந்தேகமில்லை. ஏறாவிட்டால், பம்ப் நின்றுவிட்டதா, நிஸ்டாட்டின் சவ்வுவரை போய்ச் சேரவில்லையா என்று மறுபடி அதே இடத்தில் நிற்கிறோம்.