"சூட்டு வலிதான் டாக்டர்" என்று வரும் கேஸ்

ஃபைனல் இயர் ஓ.ஜி. (மகப்பேறு, பெண்கள் மருத்துவம்) பிராக்டிகலுக்கு இரண்டு வாரம் முன்பு நடந்த மாதிரித் தேர்வில் எனக்கு வந்தவர் 31 வாரக் கர்ப்பிணி. விட்டுவிட்டு இடுப்பு வலி. கேஸைச் சொல்லி முடித்ததும், "சரி, என்னம்மா செய்வே?" என்றார் மேடம். "நிஃபெடிபின் 20 மில்லிகிராம்" என்றேன், கருப்பை இறுகுவதைத் தளர்த்தும் மருந்து அது. "இது பிரசவ வலிதான்னு யார் சொன்னது?" என்று கேட்டார். பதிலே வரவில்லை. மருந்து அட்டவணை முழுக்க மனப்பாடம். வலியை உறுதிசெய்யும் பகுதியை மேலோட்டமாகப் புரட்டியிருந்தேன். அதன்பின் குறைமாதப் பிரசவ வலி என்ற இந்தத் தலைப்பை நோயாளி வந்து படுக்கும் வரிசையிலேயே படித்தேன்.

வாய் வார்த்தையில்தான் பாதி விடை இருக்கிறது. பல பெண்கள் 'சூட்டு வலி' என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். வீட்டில் சீரகக் கஷாயம் குடித்துப் பார்த்திருப்பார்கள். அதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். எத்தனை மணிக்குக் குடித்தார்கள், குடித்தபின் அடங்கியதா என்று கேட்டால், வலி எப்போது தொடங்கியது என்பது வந்துவிடும். தண்ணி போச்சா, ரத்தம் பட்டதா, நீர்க்கடுப்பு உண்டா, முந்தைய குழந்தை குறைமாதமா என்பதையும் விடக் கூடாது. கடைசி மாதவிடாய்த் தேதியை முதல் மூன்று மாத ஸ்கேனோடு ஒப்பிட்டு வாரத்தை உறுதி செய்யுங்கள். 33 வாரமா 36 வாரமா என்பதில் சிகிச்சையே மாறிவிடும்.

37 வாரம் நிறையும் முன், 20 நிமிடத்தில் 4 முறை அல்லது ஒரு மணி நேரத்தில் 8 முறை கருப்பை இறுகி, கூடவே கருப்பை வாயிலும் மாற்றம் இருந்தால்தான் அது குறைமாதப் பிரசவ வலி. வலி மட்டும் போதாது. பரிசோதனையில், யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம்தான் முதலில். பனிக்குடம் உடைந்திருந்தால் விரல் பரிசோதனை தொற்றைக் கூட்டும். பிரசவம் நெருங்குகிறதா என்று கணிக்க உதவும் புரதமான ஃபைப்ரோனெக்டினுக்கான மாதிரியும் விரல் படும் முன் எடுக்க வேண்டியது. டி.வி.எஸ். (யோனி வழி) ஸ்கேனில் கருப்பை வாய் 30 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் உடனே பிரசவமாகும் வாய்ப்பு குறைவு.

டோகோலிடிக், அதாவது கருப்பை இறுகுவதை அடக்கும் மருந்து, எதற்கு என்பதுதான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) திரும்பத் திரும்ப வந்த கேள்வி. பிரசவத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போட அல்ல. 48 மணி நேரம் கிடைத்தால் போதும். அதற்குள் குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும் ஸ்டீராய்டு வேலை செய்யட்டும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை உள்ள இடத்துக்குத் தாய் போய்ச் சேரட்டும். டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, 4 ஊசி. பீட்டாமெத்தசோன் என்றால் 12 மில்லிகிராம், 24 மணி இடைவெளியில் 2 ஊசி. 1972-இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் காட்டியது இதைத்தான்: பிறக்கும் முன் தாய்க்குப் போடும் ஊசி, பிறந்தபின் குழந்தையின் மூச்சைக் காக்கும். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் இது.

32 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்கினால், குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட். முழங்கால் அனிச்சை, மூச்சு, சிறுநீர் அளவு மூன்றையும் பார்ப்பேன் என்று கேட்காமலே சொல்லுங்கள். மெக்னீசியம் மிஞ்சினால் முறிக்கக் கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நிஃபெடிபினோடு சேரும்போது ரத்த அழுத்தத்தில் கண் வேண்டும். இன்னொரு டோகோலிடிக்கான இண்டோமெத்தசின் 32 வாரத்துக்குப் பின் வேண்டாம், கருவின் இதயத்தருகே உள்ள ரத்தக்குழாயான டக்டஸ் ஆர்டீரியோசஸ் முன்கூட்டியே மூடக்கூடும். பனிக்குடத் தொற்று, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல் என்றால் வலியை நிறுத்தவே முயலக் கூடாது. பனிக்குடம் உடையாதபோது, வலியைத் தள்ளிப்போடுவதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கிடையாது. இங்கே நிறைய பேர் சறுக்குகிறார்கள்.

ஹவுஸ் சர்ஜனான பிறகு ஓர் இரவுப் பணியில் 30 வாரத்தில் ஒருவர் வலியோடு வந்து சேர்ந்தார். அனுப்பிய சீட்டில் 'ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது, நேரம் இல்லை. அடுத்த ஊசி எப்போது என்று தெரியாமல் போன் மேல் போன் போட்டோம். 2014-இன் மத்திய அரசு வழிகாட்டுதல்படி மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே முதல் ஊசியை ஏ.என்.எம். (கிராம சுகாதாரச் செவிலியர்) போடலாம். போட்டதும் மருந்து, அளவு, மணி மூன்றையும் சீட்டில் எழுதுங்கள். தேர்விலும் இதைச் சொல்லுங்கள்.