பெரியப்பாவின் பெட்டி

விதை மல்லாட்டை (வேர்க்கடலை) எடுக்க இன்று பெரியப்பாவின் கறுப்பு ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் படை எண், பெயர், கீழே அவர் இறங்கும் ஸ்டேஷன் 'காட்பாடி'. ரயிலில் தொலைந்தாலும் ஊர் வந்து சேரட்டும் என்று அவரே எழுதியது.

வேலூர் பக்கம் எங்கள் கம்மவான்பேட்டை பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஊர்; பல வீடுகளில் இப்படி ஒரு பெட்டி உண்டு.

1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் 13 நாள் போர். அவர் கடிதம் வந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். அதில் போரைப் பற்றி ஒரு வரி இல்லை. "ஏரி நிரம்பிச்சா?" என்று கேட்டிருந்தாராம்.

பெரியம்மாவுக்கு அது 13 நாளாகவா இருந்திருக்கும்?

ஓய்வுக்கு அப்புறம் வேலூரில் ஏடிஎம் வாசலில் காவல். அங்கேயும் மடிப்புக் கலையாத சட்டைதான்.

இப்போது என் பெயரே அவருக்கு மறந்துபோகிறது. பெட்டியைக் காட்டினேன். படை எண்ணை மட்டும் தடுமாறாமல் சொன்னார்.