181 கிலோ

"வீட்டுக்காரர் வரவில்லையா?"

மோட்டார் சைக்கிளின் விலையைக் கேட்டதற்கு அந்தக் கடையில் வந்த முதல் பதில் இது. அடுத்து, நான் கேட்காமலே ஸ்கூட்டர்கள் நின்ற வரிசைக்குக் கூட்டிப்போனார்கள். கியர் வண்டிக்கான ஓட்டுநர் உரிமம் என் பையில் இருந்தது. கோபத்தோடு வெளியே வந்துவிட்டேன்.

மாலையில் வேறொரு ஷோரூம். ராயல் என்ஃபீல்டின் ஹன்டர் 350 மோட்டார் சைக்கிள். இருக்கை உயரம் 790 மில்லிமீட்டர், எடை 181 கிலோ. அங்கிருந்த பெண் விலையைப் பற்றிப் பேசவேயில்லை. "முதலில் ஏறி உட்காருங்கள் அக்கா" என்றாள்.

சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போது கை நடுங்கியது.

"கையால் இழுக்காதீர்கள். காலை ஊன்றி, தொடையால் டேங்கை நெட்டுங்கள்."

நெட்டினேன். வண்டி சட்டென்று நிமிர்ந்தது. குதிகால் மட்டும் சற்றே எழும்பியிருந்தது. முன்பாதம் இரண்டும் தரையில் உறுதியாக நின்றன. அந்த நிமிடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அம்மாவை நினைத்துக்கொண்டேன். முப்பது வருடம் அப்பாவுக்குப் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையில் சேலைத் தலைப்பைப் பிடித்தபடியே போனவள். பக்கவாட்டில் ஓடும் சாலையைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

சனிக்கிழமை வண்டி வருகிறது. இருபுறமும் கால் போட்டு உட்கார, அம்மாவுக்குச் சுடிதார் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.