கடல் விலகிப் போன கோட்டை

வேலை செய்யும் இடத்தில் "அருமையான கடற்கரைக் கோட்டை, அவசியம் பாருங்கள்" என்றார்கள். வேல்ஸில் இருக்கும் ஹார்லெக் ஸ்டேஷனில் இறங்கினால் தலைக்கு மேலே செங்குத்தான பாறை, அதன் உச்சியில் கோட்டை. கடலைக் காணோம்! அலைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கோல்ஃப் மைதானத்தையும் மணல்மேடுகளையும் தாண்டி எங்கேயோ பளபளத்தது. தரங்கம்பாடியில் வளர்ந்த எனக்கு அது பொறுக்கவில்லை.

வேல்ஸை வென்ற இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் 1283இல் கட்டத் தொடங்கிய கோட்டை இது. அன்று கடல் பாறையின் காலடிவரை வந்தது. அங்கிருந்து கோட்டைக்கு 108 படிகள். 1294இல் மாடோக் தலைமையில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து நிலவழியை மறித்தபோது, அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்த உணவுதான் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது. மேலிருந்து எட்டிப் பார்த்தேன். பாறையை ஒட்டி வளைந்து இறங்கும் அந்தப் பாதைக்குக் கீழே இப்போது ரோடும் தண்டவாளமும்தான்.

1404இல், இங்கிலாந்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த வேல்ஸ் தலைவர் ஓவைன் கிளின்டூர் கோட்டையைப் பிடித்தார். மறு வருஷம் ஹார்லெக்கில் நாடாளுமன்றமே கூட்டினார். 1409இல் கோட்டை விழுந்தபோது அவர் மனைவியும் பெண்களும் பிடிபட்டு லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார்கள். அந்த முற்றத்தில் நின்று இதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அதற்குப் பிறகும் முற்றுகைகள் நடந்தன. அவர்கள் கதைக்கு முன்னால் மற்றவை என் மனதில் நிற்கவில்லை.

இப்போது ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாலம் நேரே வாசலுக்குக் கொண்டுபோய் விடுகிறது. மதில்மேல் நடந்தால் எரிரி (ஸ்னோடோனியா) மலைகள் முழுசாகத் தெரியும். காற்று மட்டும் ஆளையே தள்ளும். கடற்காகம் ஒன்று என் மகள் கையிலிருந்த சிப்ஸைப் பறித்துக்கொண்டு போனது. அவள் அழவில்லை, காகத்துக்கு வைத்த சோறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

வேல்ஸ் எங்களுக்குப் பழகிவிட்டது. மழை பெய்தால் இப்போது யாரும் குடை தேடுவதில்லை. ஆனால் அந்த மதில்மேல் நின்றபோது ஐப்பசி மழையும், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்குப் பக்கத்தில் கடல் அரித்துக்கொண்டே வந்த மாசிலாமணிநாதர் கோயிலும்தான் கண்ணில் நின்றன. 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டிய கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. "நாங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது கோயிலுக்கு முன்னாடி எவ்வளவு இடம் இருந்துச்சு" என்று அப்பாயி கையை நீட்டிக் காட்டுவாள். அங்கே கடல் கேட்காமல் எடுத்துக்கொண்டது, இங்கே தானாக விட்டுவிட்டுப் போயிருக்கிறது. எனக்கு இரண்டிலும் வருத்தம்தான்.

அப்புறம் மணல்மேடுகளைத் தாண்டி நடந்தே போய்க் கடலில் கால் நனைத்தோம். ஐஸ் தண்ணீர்! விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் கிரிகியெத் கோட்டை இருக்கிறது. அங்கே பாறையின் காலடியில் இன்னும் அலை அடிக்கிறது. அப்பா வரும்போது முதலில் அங்கேதான் கூட்டிப்போக வேண்டும்.